நீச்சல் வீரர் சச்சின் நாக்கும் தீவகத்தின் வீண்பெருமையும்

ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறும் ஆண்டுகளில் யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்களில் ஒரு பேச்சுத் தவறாது எழுகின்றது. "எங்கடை பிள்ளையளுக்கு ஒரு வழி காட்டியிருந்தால் பதக்கத்தோடை வந்திருப்பாங்கள், மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேணுமோ?" என்பது அப்பேச்சின் சாரம். வேலணையிலும் சரவணையிலும் நாரந்தனையிலும் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலும் இதனைக் கேட்கலாம். கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் கூடும் ஊர்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களிலும் இதனைக் கேட்கலாம். கேட்போர் மகிழ்கின்றனர், கைதட்டுகின்றனர். எவரும் மறுப்பதில்லை. மறுக்கப்படாமையாலேயே அது உண்மை போன்று நிலைத்துவிட்டது.

அப்பேச்சு உண்மையன்று. உண்மையன்மையோடு அமையாது, தீங்கும் பயப்பது. நீரருகே பிறத்தல் ஒன்று; நீந்தக் கற்றல் மற்றொன்று; போட்டியில் நீந்துதல் இவ்விரண்டினும் வேறானது. முதலாவது பிறப்பினால் வாய்ப்பது. இரண்டாவது ஒருவர் கற்பிக்க மற்றவர் பழகுவதால் வருவது. மூன்றாவது கழகமும் போட்டியும் அளவையும் பதிவும் சேர்ந்து உண்டாக்குவது. முதலாவதை உடையோர் ஏனைய இரண்டையும் தாமே உடையோராய் எண்ணிக்கொள்வதே தீவகத்தாரின் மயக்கம். இம்மயக்கத்தைத் தெளிவிப்பதற்கு, இன்று பெரும்பாலார் பெயரும் அறியாத ஒரு நீச்சல் வீரரின் வரலாறு போதும். அவர் சச்சின் நாக்.

சச்சின் நாக் 1920 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள் காசியிற் பிறந்த வங்காளி. கங்கைக் கரையே அவர் வளர்ந்த இடம். சுதந்திரப் போராட்டம் மூண்டிருந்த 1930 ஆம் ஆண்டில், கரையிற் கூடியிருந்த கூட்டத்தைப் பொலிசார் தடியடி நடத்திக் கலைத்தபோது பத்து வயதுச் சிறுவனாகிய அவர் தப்புதற்பொருட்டு ஆற்றிற் குதித்தார் என்றும், அவ்வேளை அங்கே நடைபெற்றுக்கொண்டிருந்த பத்துக் கிலோமீற்றர் நீச்சற் போட்டியாளருடன் கலந்து நீந்தி மூன்றாவதாகக் கரையேறினார் என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். இக்கதையைக் கேட்கும் தீவகத்தவர் உடனே தலையசைப்பர். "பார்த்தீர்களா, ஆற்றங்கரைப் பிள்ளைக்கு எவர் பழக்கினார்?" என்பர். ஆயின் கதையில் அவர்கள் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. அச்சிறுவன் குதித்த ஆற்றில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. தொடக்கமும் முடிவும் தூரமும் குறிக்கப்பட்ட போட்டி அது. வந்தோரை வரிசைப்படுத்தி எண்ணுவதற்கு முடிவிடத்தில் ஆட்கள் நின்றனர். அவர்கள் நில்லாதிருந்தால் அவன் மூன்றாவதாக வந்தான் என்பது எவருக்கும் தெரிந்திராது. பொலிசாருக்கு அஞ்சி ஆற்றிற் குதித்த பல சிறுவருள் ஒருவனாக மறைந்திருப்பான்.

அதன் பின்னர் உள்ளூர்ப் போட்டிகளில் அவர் பெயர் தொடர்ந்து முன்னின்றது. கல்கத்தாவின் ஹாட்கோலா கழகத்துப் பயிற்றுநராகிய ஜாமினி தாஸ் அவரைக் கண்டு அந்நகருக்கு அழைத்துச் சென்றார். காசிக் கரையின் வேகம் கல்கத்தாவிலே ஒழுங்கு பெற்றது. இங்கே ஒன்று கருதற்பாலது. கல்கத்தா நகரின் நீச்சற் கழகங்கள் பளிங்குத் தடாகங்களில் வளர்ந்தவையல்ல. ஹேதுவா, கல்லூரிச் சதுக்கம் முதலிய இடங்களிலுள்ள நகரக் குளங்களிலேயே அவை வளர்ந்தன. சாதாரண குளத்து நீர்தான். ஆயின் தூரம் அளந்து, நேரம் குறித்து, ஆண்டுதோறும் போட்டி வைத்து, வென்றவன் பெயரையும் தோற்றவன் பெயரையும் எழுதிவைத்தனர். வங்காளம் இந்திய நீச்சலில் பல்லாண்டு முதன்மை பெற்றதற்கு அந்நாட்டின் ஆறுகள் எவ்வளவு காரணமோ அதனினும் பெரிய காரணம் இக்கழகங்களாகும். ஆறுகள் இந்தியாவெங்கும் ஓடுகின்றன. கழகங்கள் எங்கும் இருக்கவில்லை.

1947 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கல்கத்தா வீதியில் நாக்கின் வலக்காலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. குணமடைய இரண்டாண்டு செல்லும் என்றனர் மருத்துவர். அடுத்த ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக். இரண்டாம் உலகப் போரினால் 1940 இலும் 1944 இலும் நடைபெறாதொழிந்த போட்டி அது. நாக்கின் இளமையின் சிறந்த ஆண்டுகளை அப்போர் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. அவர் காத்திருக்கவில்லை. காயம் ஆறியதும் ஆறாததுமாக நீரில் இறங்கிப் பயின்றார். பயணச் செலவுக்குப் பணம் இல்லாதபோது வங்கப் பாடகர் ஹேமந்த முகர்ஜி போன்றோர் நிதி திரட்ட உதவினர் என்பர். 1948 இல் இலண்டனில் சுதந்திர இந்தியாவின் பெயரால் நூறு மீற்றர் கட்டற்ற பாணி நீச்சலில் அவர் கலந்துகொண்டார். நீர்ப்பந்தாட்ட அணியிலும் ஆடினார். சிலி நாட்டு அணியை இந்திய அணி அங்கு வென்றது.

1951 மார்ச் மாதம் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி புது தில்லியில் நடைபெற்றது. நூறு மீற்றர் கட்டற்ற பாணி நீச்சலை நாக் 1 நிமிடம் 4.7 செக்கனில் நீந்தி முதலாவதாக வந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. பிரதமர் நேரு அரங்கிலிருந்து அதனைக் கண்டார். அதே போட்டியில் தொடர் நீச்சல்களில் இரண்டு வெண்கலப் பதக்கங்களும் நாக்குக்குக் கிடைத்தன. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீர்ப்பந்தாட்ட அணியில் மீண்டும் ஆடினார். அவர் தில்லியிற் பெற்ற தங்கத்துக்குப் பின்னர் 2023 ஆம் ஆண்டு ஹாங்சௌ போட்டி வரை ஆசிய விளையாட்டு நீச்சற் போட்டிகளில் எந்த இந்தியரும் தங்கம் பெறவில்லை. 1986 இல் சியோலில் கசான் சிங் பெற்ற வெள்ளியே அதற்கு அடுத்த பெருஞ்சாதனை. நூற்றுப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களையும் ஏழாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கடற்கரையையும் உடைய நாட்டின் நிலை இது. கடற்கரையின் நீளமே பதக்கத்தைத் தருமாயின் இக்கணக்கு எவ்வாறு வந்தது?

தீவகத்தார் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருப்பர். இந்தியா பெருநிலம், தீவு மக்களின் செய்தி வேறு என்பர். அவ்வாறாயின் ஹவாயித் தீவினராகிய டியூக் கஹானமோக்குவின் செய்தியை நோக்குக. 1911 ஆம் ஆண்டு ஹொனலூலூத் துறைமுகத்தில் அவர் நூறு யார் தூரத்தை 55.4 செக்கனில் நீந்தினார். அன்றைய சாதனையினும் அது நான்கு செக்கனுக்கு மேற் குறைவானது. அமெரிக்க நிலப்பரப்பிலிருந்த விளையாட்டுச் சங்கத்தார் அதனை நம்பவில்லை, ஏற்கவுமில்லை. தீவினர் அத்துடன் பழி சொல்லி இருந்துவிட்டனரா? இல்லை. பணம் திரட்டி அவரை நிலப்பரப்புக்கு அனுப்பினர். 1912 இல் ஸ்ரொக்ஹோமிலும் 1920 இல் அன்ற்வேப்பிலும் நூறு மீற்றர்த் தங்கத்தை அவர் வென்றார். ஹவாயித் தீவினரும் கடலிற் பிறந்தவர்களே. ஆயின் அவர்கள் துறைமுகத்தில் தூரத்தை அளந்தனர். கையில் கடிகாரம் பிடித்து நின்றனர். ஏற்காதவர் முன் சென்று நீந்திக் காட்டினர். தீவு என்ற சொல்லை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவர்கள் செய்தவற்றை விட்டுவிடுதல் நேர்மையன்று.

இனி நாரந்தனைக்குத் திரும்பலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியே ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஊர் அது. பனையும் வயலும் தோட்டமும் உடைய ஊர். ஆயினும் நெடுந்தூரம் நடவாமலே கடலைக் காணலாம். தீவகத்தின் கடலறிவு பொய்யன்று. களங்கண்ணி அடைப்போர் நீரோட்டத்தை அறிவர். சங்கு குளித்தோர் மூச்சடக்கும் வித்தையை அறிந்திருந்தனர். காற்றின் திசையைக் கொண்டு கடலின் குணத்தைச் சொல்வோர் இன்றும் உளர். இவ்வறிவை இகழ்வது இவ்வாதத்தின் நோக்கமன்று. ஆயின் அது யாருடைய அறிவு? தொழிலாற் கடலோடு பிணைக்கப்பட்டவர்களின் அறிவு. அவ்வறிவுடையோரை ஊரின் ஏனையோர் எத்துணை மதித்தனர் என்பதைத் தீவகத்துச் சாதி வரலாறு சொல்லும். மேடையிலே "நாங்கள் கடலின் மக்கள்" என்று முழங்குவோருள் எத்தனை பேரின் பாட்டன்மார் கடற்றொழிலாளியைத் தம் திண்ணையில் இருத்தினர்? அவன் உழைப்பை விலக்கிவைத்துவிட்டு அவன் திறமையை மட்டும் பொதுப் பெருமையாக்கிக் கொள்வது எவ்வகை நீதி?

மேலும், குடாநாட்டையும் தீவுகளையும் சூழ்ந்த பரவைக் கடல் பல இடங்களில் ஆழம் குறைந்தது. இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து தொழில் செய்யலாம். நடப்பதற்கு இடமுள்ள கடல் நீந்தக் கற்பிப்பதில்லை. நீந்தத் தெரியாதவனுக்கும் தெரிந்தவன் என்ற துணிவை மட்டும் கொடுக்கின்றது. திடீரென ஆழம் வரும் இடத்தில் அத்துணிவே பகையாகின்றது. கமக்காரன் பிள்ளையும் கடைக்காரன் பிள்ளையும் உத்தியோகத்தர் பிள்ளையும் கடலை நாள்தோறும் பார்க்கின்றனர். பார்த்தலால் நீச்சல் வருமாயின் வானத்தைப் பார்ப்போர் யாவரும் பறந்திருப்பர். பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஊரின் சரிபாதியினர் நீரில் இறங்காது வளர்க்கப்படும் இடத்தில், கடலிற் பிறந்தோம் என்ற பெருமையில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

இவ்விடத்தில் சச்சின் நாக்கின் வாழ்க்கை மற்றொரு பாடத்தையும் தருகின்றது. ஹாட்கோலா கழகத்தில் நாக்கின் கண்காணிப்பிற் பயின்ற சிறுமி ஒருத்தி இருந்தாள். 1940 செப்டெம்பரிற் பிறந்த ஆரதி சாஹா அவள். 1952 இல் ஹெல்சிங்கிக்குச் சென்ற இந்திய அணியில் நாக் நீர்ப்பந்தாட்டக்காரராக இருக்க, ஆரதி இருநூறு மீற்றர் மார்பு நீச்சலிற் கலந்துகொண்டாள், வயது பதினொன்று. 1959 செப்டெம்பர் 29 ஆம் நாள் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆசியப் பெண்களுள் அதனைச் செய்த முதல்வர் அவரே. அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பங்கள் பெண்களைக் கட்டுப்பாடின்றி வளர்த்த குடும்பங்கள் அல்ல. ஆயினும் அங்கே ஒரு கழகம் இருந்தது. நம்பத்தக்க பயிற்றுநர் இருந்தனர். பிள்ளையை ஒப்படைப்பதற்கு ஓர் இடம் இருந்தது. ஆகவே தந்தை மகளை அனுப்பினார். கட்டுப்பாட்டைத் தளர்த்தியது புரட்சிப் பேச்சன்று, கழகம் என்ற நிறுவனமே.

அடுத்து எழும் மறுமொழி அரசியல் சார்ந்தது. தமிழருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது, தீவகம் புறக்கணிக்கப்பட்டது, போர் எல்லாவற்றையும் அழித்தது என்பர். இவற்றில் உண்மை உண்டு, பேருண்மை உண்டு. 1990 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவக மக்களிற் பெருந்தொகையினர் ஊரைவிட்டு வெளியேறினர். போர்க்காலத்தில் கடலில் இறங்குவதற்கே தடைகள் இருந்தன. இலங்கையின் சார்பில் 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் நீந்திய யூலியன் போலிங் போன்றோர் உருவான அதே காலத்தில், வடக்கின் பிள்ளைகள் பதுங்குகுழிகளில் இருந்தனர். இதனை மறைப்பவன் வரலாற்றை மறைப்பவனே.

ஆயின் புறக்கணிப்பு ஒன்றே முழு விடையாகுமா? 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நாக்கும் ஆரதியும் நின்ற அதே நகரில், யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கையின் சார்பில் உயரம் பாய்தலிற் கலந்துகொண்டார். 1956 இல் மெல்பேணிலும் பாய்ந்தார். 1958 இல் தோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அவரை உருவாக்கியது யாது? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணாக்கர் அவர். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் மைதானம் இருந்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டி இருந்தது. குறுக்குச் சட்டம் இருந்தது. அதன் உயரத்தை அங்குலக் கணக்கில் அளக்கும் ஆசிரியர் இருந்தார். கல்லூரிகளுக்கிடையே போட்டி இருந்தது. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. தட்டையான அந்நிலத்திலிருந்து ஆசியாவிலேயே உயரப் பாய்ந்தவன் வந்தான். நாற்புறமும் கடல் சூழ்ந்த அதே நிலத்திலிருந்து ஒலிம்பிக் நீச்சல் வீரன் வரவில்லை. பாய்தலை அளந்த பாடசாலைகள் நீச்சலை அளக்கவில்லை என்பதைத் தவிர இவ்வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் யாது? மைதானத்தை அமைத்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளை நடத்தியவர்களே. கேணி ஒன்றில் கயிறு கட்டித் தூரம் குறிப்பதை எந்த அரசும் அக்காலத்திற் தடுத்திருக்கவில்லை.

"பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர்கள் எங்களவர் அல்லரோ?" என்ற கேள்வி அடுத்து வரும். ஆம், தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 இல் அதனை நீந்திக் கடந்து முன்னோடியானார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று இடையறாது மீண்டு 51 மணி நேரத்தில் உலக சாதனை நிலைநாட்டினார். 1984 ஓகஸ்ட் 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். இவர்கள் பெருமைக்குரியோர் என்பதில் ஐயமில்லை. அவர்களைச் சான்றாக நிறுத்துவோரே அவர்களுக்குத் தீங்கு செய்கின்றனர். தனிமனிதன் ஒருவன் எவர் துணையும் போதாத நிலையில் தன் உடலை வருத்திச் செய்த அருஞ்செயலை, ஓர் ஊர் முழுவதும் தன் இயல்பான குணமென்று உரிமை கொண்டாடுவது அவன் உழைப்பைக் களவாடுதலாகும். ஆனந்தன் கடலருகே பிறந்தமையால் 51 மணி நேரம் நீந்தவில்லை. பிறந்தோர் யாவரும் செய்யாத பயிற்சியை அவர் செய்தமையால் நீந்தினார். நவரத்தினசாமிக்கும் ஆனந்தனுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் சென்றன. இவ்விருவரின் பின்னால் எத்தனை கழகங்கள் எழுந்தன, எத்தனை சிறுவர் நீரில் இறக்கப்பட்டனர் என்று கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. வல்வெட்டித்துறையில் ஆனந்தன் பெயரால் நீச்சல் தடாகம் அமைந்தது போற்றத்தக்கது. அது அவர் இறந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதையும் எண்ணவேண்டும்.

"பசித்த ஊருக்கு ஒலிம்பிக் எதற்கு?" என்று வினவுவோரும் உளர். இவர்கள் சொல்வது கவனத்துக்குரியது. பதக்கத்தைக் கண்டு மயங்குவோரினும் இவர்கள் மேலானவர். ஆயின் நீச்சலின் செய்தியில் இவ்வினா பொருந்தாது. 1896 இல் ஏதென்சில் முதலாவது நவீன ஒலிம்பிக் நீச்சற் போட்டிகள் தடாகத்தில் அன்று, சியா விரிகுடாவின் குளிர்ந்த கடலிலே நடைபெற்றன. நூறு மீற்றரையும் ஆயிரத்து இருநூறு மீற்றரையும் வென்றவர் ஹங்கேரி நாட்டு அல்பிரட் ஹாயோஷ். பதின்மூன்று வயதில் அவர் தந்தை தன்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதன் பின்னரே நன்றாக நீந்துவது என அவர் உறுதிகொண்டார். ஒலிம்பிக்கின் முதலாவது நீச்சல் வீரனை ஆக்கியது பொழுதுபோக்கு அன்று, ஆற்றில் மாண்ட தந்தையின் நினைவு. நீர் மரணம் இன்றும் குறைந்துவிடவில்லை. 2021 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஐந்து முதல் பதினான்கு வயது வரையான சிறுவரின் மரணத்துக்குரிய முதன்மைக் காரணங்களுள் அது மூன்றாவதாக நிற்கின்றது. அந்நிறுவனம் கூறும் தடுப்பு முறைகளுள் ஒன்று, பாடசாலைப் பருவத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்பித்தல். படகிற் பயணஞ் செய்தே பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் மக்கள் வாழும் தீவகத்தில் இது ஆடம்பரமாகுமா? பதக்கத்துக்கான முதற்படியும் உயிர் காப்பதற்கான முதற்படியும் ஒன்றே. இரண்டாம் படிக்கு நூற்றில் ஒருவன் செல்வான். முதற்படியில் நூறு பேரும் நிற்கவேண்டும். மீன்குஞ்சுக்கு நீந்தப் பழக்க வேண்டியதில்லை என்ற பழமொழி இந்த முதற்படியையே அகற்றிவிடுகின்றது. அதனாலேயே அது தீங்கு பயப்பதென மேலே கூறப்பட்டது.

நாக்கின் கதையின் முடிவையும் சொல்லவேண்டும். 1987 ஓகஸ்ட் 19 ஆம் நாள் அவர் காலமானார். இந்திய அரசு 1961 இல் ஏற்படுத்திய அருச்சுனா விருது அவருக்கு வழங்கப்படவில்லை. ஆசிய விளையாட்டில் நாட்டுக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தவரை அந்நாடு அவர் வாழ்ந்த காலத்தில் மறந்திருந்தது. அவர் இறந்து 33 ஆண்டுகள் கழிந்தபின், 2020 இல், தியான் சந்த் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. சம்மேளனமும் அமைச்சும் ஆவணக் காப்பகமும் உடைய நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்தது. ஆயினும் அங்கே மறதியைத் திருத்த முடிந்தது. ஏனெனில் 1 நிமிடம் 4.7 செக்கன் என்பது எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதை மறந்தோர் பின்னர் தேடி எடுக்கலாம். எழுதப்படாததை எவர் தேடுவர்? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பை நீந்திக் கடந்த இளைஞர் ஒரு காலத்தில் இருந்தனரென்று ஊரார் சொல்லின், அவர் யார், எவ்வாண்டில், எவ்வளவு நேரத்தில் என்ற வினாக்களுக்கு விடை எங்கே உள்ளது? அத்தகையோரின் பெயர்கள் மரண அறிவித்தலில் மட்டும் ஒருமுறை அச்சேறின. பின்னர் ஊர்ச் சங்கத்தின் மலரில் "வீரம் செறிந்த மண்" என்ற பொதுச் சொல்லுள் கரைந்தன. புகழ்ச்சி மிகுந்த இடத்தில் பதிவு இல்லாமற் போவது தற்செயலன்று. பதிவு இருப்பின் புகழ்ச்சியைச் சோதிக்கவேண்டி வரும்.

செய்யத்தக்கது பெரிதன்று. 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாண நகரிலும் வல்வெட்டித்துறையிலும் தடாகங்கள் தோன்றின. ஆயின் நாரந்தனைச் சிறுமி ஒருத்தி பண்ணைப் பாலம் கடந்து நாள்தோறும் அங்கு சென்று பயில்வாள் என எதிர்பார்ப்பது பேதைமை. கல்கத்தாக் கழகங்கள் காட்டிய வழியே அவளுக்கு உகந்தது. ஊருக்கு அண்மையிலுள்ள குளமோ கேணியோ தூர் வாரப்படட்டும். ஆழமற்ற கடலில் பாதுகாப்பான ஒரு துண்டு தெரியப்படட்டும். இருபத்தைந்து மீற்றர் அளந்து இரு முனையிலும் கம்பு நட்டு மிதவைக் கயிறு கட்டப்படட்டும். கற்பிப்போர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கடற்றொழிலாளருள் நீச்சலும் உயிர்மீட்பும் வல்லோரைப் பாடசாலைகள் ஆசிரியராக மதித்து அழைத்துக் கூலியும் கொடுக்கட்டும். இதுவரை அவர்களுக்குச் செய்த அவமதிப்புக்கு அது சிறு கழுவாயும் ஆகும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே பயிற்றுநராகும்படி முதலிற் சில ஆசிரியைகள் பயிலட்டும். ஆண்டுக்கொரு முறை தீவகப் பாடசாலைகளுக்கிடையே போட்டி நடைபெறட்டும். ஊர்ச் சங்கங்கள் விழாவுக்கும் விருந்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதிற் பத்திலொரு பங்கு இதற்குப் போதும். முடிவுகள் ஒரு பதிவேட்டில், முதலாவதாக வந்தவளின் நேரம் மட்டுமன்றிக் கடைசியாக வந்தவளின் நேரமும் சேர, எழுதப்படட்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் ஒரு கடமையுண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும் தீவக மாணாக்கர் பலர். பழைய நீச்சல் வீரரின் பெயரையும் ஆண்டையும் முதியோரிடம் கேட்டு எழுதுவதற்கு ஒரு கொப்பி போதும். தம்பி தங்கையரை நீரில் இறக்குவதற்கு ஒரு முழுநாள் போதும். தாமே நீந்தத் தெரியாதோர் அம்மாணாக்கருள் எத்தனை பேர் என்று முதலில் அவர்கள் தம்முள் எண்ணிப் பார்க்கட்டும். அவ்வெண்ணிக்கை தெரிந்தபின், மீன்குஞ்சுகளைப் பற்றிய பேச்சு அடுத்த ஒலிம்பிக் ஆண்டில் எழும்போது அதற்கு விடை சொல்ல அவர்களால் முடியும்.